அறுபதைத் தாண்டிய வயிறு: தாவர உணவு, குடல் பாக்டீரியா, முதுமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு 76 வயது. மூன்று வருடம் முன்பு ஒரு காய்ச்சல் வந்து போனது. "கொஞ்ச நாளைக்கு லேசா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம், டீயில் நனைத்த பிஸ்கட் என்று நாலே பொருளில் வருடம் ஓடியது. காய் வைத்தால் வாயு. சுண்டல் செரிக்காது. கீரை ராத்திரிக்கு ஆகாது. மலச்சிக்கல் முதலில் வந்தது, அசதி பின்னாலேயே வந்தது. அவருக்காகப் படிக்க ஆரம்பித்தவள், இப்போது சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குடலில் பாக்டீரியா இருந்தால் நோய்தானே? அதைப் போய் ஏன் வளர்க்கணும்?

நோய் தருபவை சில. மற்றவை பிறந்ததிலிருந்து நம்மோடு குடியிருப்பவை. ஒரு ஆள் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கலாம் என்று 2016-இல் கணக்கிட்டார்கள். நம் சொந்தச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. அத்தனை பாக்டீரியாவையும் அள்ளித் தராசில் வைத்தால் 200 கிராம்தான் வரும். "இரண்டு கிலோ பாக்டீரியாவைச் சுமக்கிறோம்" என்று இன்னமும் சுற்றுகிற செய்தி பழைய தப்புக் கணக்கு. பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன.

சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்தையும் சர்க்கரைகளையும் உடைக்க நம் உடம்பு சொந்தமாகச் செய்துகொள்ளும் நொதிகள் 17 வகைக்கு மேல் இல்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்ற ஒற்றை பாக்டீரியா (பெயர் வாயில் நுழையாது, விட்டுவிடுங்கள்) 260-க்கு மேல் வைத்திருக்கிறது. நம்மால் செரிக்க முடியாத காய்கறி நாரை அந்த ஆலையில் கொடுத்துத்தான் அரைக்க வேண்டும்.

அப்படி அரைத்து என்ன கிடைக்கிறது?

நார் சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்கு வருகிறது. பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது. அதில் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. இந்த மூன்றில் பியூட்டிரேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு அதுதான் முக்கியமான எரிபொருள். மற்ற உறுப்புகள் ரத்தத்திலிருந்து எரிபொருளை எடுத்து வாழும்போது, இந்தச் செல்கள் பாக்டீரியா சமைத்துக் கொடுப்பதைச் சாப்பிட்டு வாழ்கின்றன.

நார் வரவில்லை என்றால் பாக்டீரியா பட்டினி கிடக்காது. அதுதான் சிக்கல். குடல் சுவரின் மேல் வழுவழுப்பாக ஒரு சளிப்படலம் இருக்கிறது. கிருமியும் குடல் செல்லும் நேராகத் தொட்டுக்கொள்ளாமல் காப்பது அதுதான். எலிகளுக்கு நாரே இல்லாத தீனி போட்டுப் பார்த்தபோது, பாக்டீரியா அந்தச் சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்தது. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி உள்ளே நுழைவது சுலபமாயிற்று. 2016-இல் வந்த ஆய்வு. குடியிருப்பவனுக்குச் சாப்பாடு போடாவிட்டால் கூரை ஓட்டைப் பிரித்து விற்றுவிடுகிறான்.

இதற்கும் வயதாவதற்கும் என்ன தொடர்பு?

வயது ஏறும்போது உடம்பில், காய்ச்சலாகவோ வீக்கமாகவோ தெரியாத மெல்லிய அழற்சி ஒன்று கனன்றுகொண்டே இருக்கும். இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-இல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். தசை கரைவது, ரத்தக்குழாய் தடிப்பது, சர்க்கரை ஏறுவது என்று பலவற்றின் அடியில் இந்தக் கனல் இருக்கிறது.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஒரு சோதனை செய்தார்கள். பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் கிழடானபோது அந்த அழற்சி ஏறவில்லை. கிழட்டு எலிகளின் குடல் பாக்டீரியாவை அவற்றுக்குள் விட்டதும் ஏறியது. வயதான குடலின் சுவர் கசிவதும், கசிந்த பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கலப்பதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன.

எலி இருக்கட்டும், மனிதர்களில் என்ன பார்த்தார்கள்? என்னை உலுக்கியது அயர்லாந்து ஆய்வுதான். 2012-இல் வந்தது. 178 முதியவர்களைப் பார்த்தார்கள். சிலர் சொந்த வீட்டில் இருந்தார்கள், சிலர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில். இல்லங்களில் இருந்தவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைவு, தளர்ச்சி அதிகம். அவர்கள் தட்டிலும் வகை குறைவு. இல்லத்துக்குப் போனதும் முதலில் மாறியது சாப்பாடு. பாக்டீரியா அதன் பின்னால் மெதுவாக மாறியது. இதைப் படித்தபோது எங்கள் வீட்டையும் அப்படி ஓர் இல்லமாக ஆக்கி வைத்திருக்கிறோம் என்று தோன்றியது.

சரி, தட்டை மாற்றினால் திரும்புமா? ஐரோப்பாவில் 5 நாடுகளில், 65 முதல் 79 வயது வரை உள்ள 612 பேரிடம் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு வருடம் காய், பயறு, பழம், கொட்டை, ஆலிவ் எண்ணெய், மீன் கலந்த மத்தியதரைக்கடல் பாணி உணவுக்கு மாறினார்கள். அந்த உணவை ஒழுங்காகப் பின்பற்றியவர்களிடம் தளர்ச்சி குறைவோடு சேர்ந்து காணப்படும் பாக்டீரியா வகைகள் பெருகின. நினைவாற்றல் போன்ற சோதனைகளிலும் அவர்கள் நன்றாகச் செய்தார்கள், அழற்சி அளவுகளும் இறங்கின. 2020-இல் வெளிவந்தது. பாக்டீரியா மாறியதால் உடம்பு தேறியதா, இரண்டும் சேர்ந்தே நடந்ததா என்பதை இந்த ஆய்வு அறுதியாகப் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வழியிலும் போட வேண்டியது அதே சாப்பாடுதான்.

வயசானவங்களுக்கு லேசான சாப்பாடுதானே நல்லது? எல்லோரும் அப்படித்தானே சொல்றாங்க?

எனக்குச் சண்டை வருவது இங்கேதான். "லேசானது" என்று நாம் சொல்வதெல்லாம் சிறுகுடலிலேயே சட்டென்று கரைந்துவிடுவது: குழைந்த சாதம், ரவை, பிஸ்கட், பிரெட், ஜவ்வரிசிக் கஞ்சி. சாப்பிடுகிறவருக்கு வேலை இல்லை, உண்மை. பெருங்குடலுக்கு ஒன்றுமே போய்ச் சேரவும் இல்லை. ஏற்கெனவே வகை குறைந்துவரும் வயதில், மிச்சம் இருக்கும் பாக்டீரியாவுக்கும் கதவைச் சாத்துகிறோம்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள்: அப்போது லேசான சாப்பாடு சரி. அதற்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும். "எப்போதிலிருந்து பழையபடி சாப்பிடலாம்?" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

மென்மையானது வேறு, நார் இல்லாதது வேறு. கடைந்த கீரை மென்மையானது, அதில் நார் இருக்கிறது. ரஸ்க் கடினமானது, அதில் சொல்லும்படி நார் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் போதும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நார் வேண்டும்? கிராம் கணக்கெல்லாம் யாருக்குப் புரியும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது: பெரியவர்களுக்கு உணவிலிருந்தே குறைந்தது 25 கிராம் நார், அதோடு 400 கிராம் காய், பழம். 2019-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வில் 25 முதல் 29 கிராம் வரை சாப்பிட்டவர்களிடம் நல்ல பலன் தெரிந்தது. குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட மரணமும் இதயநோயும் 15 முதல் 30 சதவீதம் குறைவு.

அம்மாவின் பழைய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சாதம், மாலை நாலு பிஸ்கட், ராத்திரி தயிர் சாதம். என் கணக்கில் 10 கிராமைத் தாண்டுவதே பாடு. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம் நார்கூட இல்லை. கேழ்வரகில் சுமார் 11. முழுக் கொண்டைக்கடலையில் சுமார் 25.

இப்போதைய கணக்கு: காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் கஞ்சியோ அடையோ, ஐந்தரை கிராம். மாலையில் 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை சுண்டல், 10. பாதி கொய்யா, 6. மதியம் ஒரு கரண்டி கீரையும் ஒரு காயும், 7. சாதம் 3. முப்பதைத் தாண்டிவிட்டது. இதில் விலை கூடின பொருள் எதுவும் இல்லை.

ஓட்ஸ், சியா, கினோவா வாங்கணுமா?

பிடித்தால் வாங்குங்கள். ஓட்ஸில் உள்ள நார் நல்ல நார்தான். கேழ்வரகும் பாசிப்பயறும் டப்பாவில் இருக்கும் வீட்டில் அவை கட்டாயமில்லை.

"வாரத்துக்கு 30 வகை தாவரம்" என்கிறார்களே, அது முடியுமா?

2018-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் வாரம் 30-க்கு மேற்பட்ட தாவர வகைகள் சாப்பிட்டவர்களின் குடலில், 10-க்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடப் பலவகை பாக்டீரியா இருந்தது. தாங்களே முன்வந்து மல மாதிரி அனுப்பியவர்கள் அவர்கள், அதனால் 30 என்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் நல்ல விளையாட்டு. ஒரு கிண்ணம் சாம்பாரையே எண்ணிப் பாருங்கள்: துவரம்பருப்பு, புளி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், தக்காளி, மல்லி, வெந்தயம், கறிவேப்பிலை. எட்டு வந்துவிட்டது. அளவு குறைவான மசாலாவை அரை எண்ணாக வைத்துக்கொள்ளலாம். கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அப்பாவுக்கு சுண்டல் கொடுத்தா கேஸ்னு ராத்திரி முழுக்க நடக்கிறார். என்ன பண்றது?

பயறு, கடலையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, பாக்டீரியா புளிக்க வைக்கிறது, வாயு வருகிறது. வாயு வருவது ஆலை ஓடுவதன் அறிகுறி. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் நடக்கிறவரிடம் இதைச் சொல்லாதீர்கள், அடி விழும்.

செய்ய வேண்டியது அளவைக் குறைப்பது. பல மாதம் நாரே பார்க்காத குடலில் ஒரு கிண்ணம் சுண்டலை இறக்கினால் ரகளைதான். அம்மாவுக்கு முதல் வாரம் ஒரே மேசைக்கரண்டி கொடுத்தேன், அதுவும் பாசிப்பயறு. அடுத்த வாரம் இரண்டு. கொண்டைக்கடலைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. கொடுத்தது பகலில், ராத்திரி அல்ல.

எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். ஆனால் வயதானவர்களுக்கு முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், கிருமி இருக்கலாம், வேகவைத்தே கொடுங்கள். பெருங்காயம், இஞ்சி, சீரகம் காலங்காலமாகப் போடுகிறோம். ருசிக்காகவே போடலாம். தண்ணீர் கட்டாயம் கூட வேண்டும். நாரைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல் இன்னும் கெட்டியாகும்.

வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு எது தொட்டாலும் வலியும் உப்புசமும் வருகிறது என்றால் அது வேறு கதை, வயிற்று மருத்துவரிடம் போங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பது வயதுக்கு மேல் மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறுவது: இந்த மூன்றுக்கும் சுண்டல் வைத்தியம் கிடையாது.

பல் இல்லை, பல்செட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படிச் சாப்பிடுவது?

கடைந்த கீரை, குழைய வெந்த பயறு, கூட்டு, பருப்பு போட்ட வாழைத்தண்டுக் குழம்பு, கேழ்வரகுக் கூழ், துவையல். கொண்டைக்கடலையை வேகவைத்து மத்தால் மசித்துத் தாளித்துக் கொடுக்கலாம். கொய்யாவின் விதை உறுத்தினால் பப்பாளி. வேர்க்கடலை மெல்ல முடியாதவர்களுக்கு வேர்க்கடலைச் சட்னி. பழத்தை ஜூஸாக்கி வடிகட்டிக் கொடுக்கிறவர்கள் வடிகட்டியில் நிற்பதைத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

பழைய சோறு குடலுக்கு மருந்து என்கிறார்களே?

இதற்குத்தான் அதிகக் கடிதம் வருகிறது. இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறேன்.

சாதம் ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, நம் நொதிகளுக்குப் பிடிகொடுக்காத மாவாக மாறும். அது நாரைப் போலவே பெருங்குடலுக்குப் போய் பியூட்டிரேட்டாகும். எவ்வளவு மாறுகிறது? 2015-இல் வந்த ஓர் ஆய்வில் சூடான வெள்ளைச் சாதத்தில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது. 10 மணி நேரம் ஆறியதும் 1.30. ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைத்து மறுபடி சூடாக்கியபோது 1.65. இரண்டு மடங்குக்கு மேல் என்று கேட்கப் பெரிதாக இருக்கும். கையில் கிடைப்பது ஒரு கிராம்தான். ஒரு கரண்டி சுண்டல் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

நீரூற்றி இரவு முழுக்க வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது, சூடாக்காமல் சாப்பிடுவதால் உயிரோடு உள்ளே போகிறது. இது இட்லியில் கிடைக்காத லாபம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளிடம் பழைய சோற்றை வைத்து அரசு உதவியோடு ஆய்வு தொடங்கியதும் இதனால்தான்.

"இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். இரும்பு ஒரு தனிமம். எந்த பாக்டீரியாவும் அதை உண்டுபண்ண முடியாது. அரிசியில் ஏற்கெனவே இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைப் புளிப்பு எளிதாக்கலாம், அவ்வளவுதான்.

எச்சரிக்கை ஒன்று. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து இருக்கும். வேகும்போது சாகாது. வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கும், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் சோறு ஆறியதும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்றுங்கள், சுத்தமான பாத்திரம், ஒரே ராத்திரி, காலையிலேயே காலி. சித்திரை வெயிலில் யாருக்கும் வேண்டாம், நோய் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எப்போதுமே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சோறுதான் என்பதும் மறக்க வேண்டாம். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் வைத்தால் பாக்டீரியாவுக்கு விருப்பமான இன்னொரு நாரும் சேரும்.

இட்லி, தயிர், ஊறுகாய் எல்லாம் புளித்தவைதானே? போதாதா?

இட்லி மாவில் லியுகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாதான் பொங்க வைக்கிறது. ஆவியில் வெந்ததும் அது செத்துவிடும். புளிப்பால் செரிமானம் எளிதாவதும் சில வைட்டமின்கள் கூடுவதும் மிச்சம். தயிரிலும் மோரிலும் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது, வீட்டில் உறை ஊற்றியதே போதும். நம் ஊறுகாய் பெரும்பாலும் உப்பு, எண்ணெய், மிளகாய். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்ற அளவில் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிடும்.

2021-இல் வந்த அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 36 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். புளித்த உணவு நிறையச் சாப்பிட்ட பிரிவில் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார் மட்டும் கூட்டிய பிரிவில் அந்தப் பத்து வாரத்தில் வகைகள் கூடவில்லை. நாரை உடைக்கிற ஆட்களே போய்விட்ட குடலில் நாரை மட்டும் கொட்டினால் உடனே பலன் தெரியாது போலும். மோரும் சுண்டலும் இரண்டும் இருக்கட்டும்.

புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடைத்த) மாத்திரை வாங்கித் தரட்டுமா?

ஆரோக்கியமாக இருக்கிறவருக்குத் தினமும் தேவை என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தின் 2018 ஆய்வில், ஆன்டிபயாட்டிக் முடித்தவர்களுக்கு 11 வகை பாக்டீரியா கலந்த மாத்திரை கொடுத்தபோது அவர்களுடைய சொந்த பாக்டீரியா திரும்பி வருவது தாமதமானது. ஒன்றுமே கொடுக்காதவர்களுக்குச் சீக்கிரம் திரும்பியது. குறிப்பிட்ட நோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு மலத்தைச் சோதித்து "உங்கள் குடல் மதிப்பெண்" தரும் டெஸ்டும் அப்படியே. அந்த மதிப்பெண்ணை வைத்து மருத்துவம் பார்க்கும் நிலை இன்னும் வரவில்லை.

பாக்டீரியாவுக்கான நார்ப்பொடி கொஞ்சம் சுவாரசியமானது. 2024-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி, 60 வயதைத் தாண்டிய 36 இரட்டையர் ஜோடிகளில் ஒருவருக்கு நார்ப்பொடி, மற்றவருக்கு வெறும் பொடி என்று 12 வாரம் கொடுத்தது. நார்ப்பொடி சாப்பிட்டவர்கள் நினைவாற்றல் சோதனையில் முந்தினார்கள். நாற்காலியிலிருந்து எழும் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே மாதிரியான நார் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது.

மாதுளை சாப்பிட்டால் தசை வலுவாகுமா?

மாதுளையிலும் வால்நட்டிலும் எலாஜிடானின் என்ற சத்து உண்டு. அதைக் குடல் பாக்டீரியா யூரோலித்தின் ஏ என்ற பொருளாக மாற்றுகிறது. செல்லுக்குள் பழுதான மின்நிலையங்களை அப்புறப்படுத்த அது உதவுகிறது என்று 2016-இல் புழுக்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதையே மாத்திரையாக நாலு மாதம் கொடுத்த 2022 ஆய்வில், தசை களைப்படையாமல் தாங்கும் திறன் கூடியது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் வெற்று மாத்திரையைவிடத் தெளிவான வித்தியாசம் இல்லை.

இன்னொன்று: மாதுளையை அப்படி மாற்றும் பாக்டீரியா போதுமான அளவில் இருப்பது பத்தில் நாலு பேருக்குத்தான். ஒரே பழத்தை அக்காவும் தங்கையும் சாப்பிட்டு ஒருத்திக்கு மட்டும் பலன் கிடைப்பது சாத்தியம். பழம் நல்லது, சாப்பிடுங்கள். தசைக்கு நடையும், உட்கார்ந்து எழும் பயிற்சியும், பருப்பும்.

அசைவத்தை விட்டுவிடணுமா?

தேவையில்லை. ஆட்டு, மாட்டு இறைச்சியில் உள்ள கார்னிட்டினைச் சில பாக்டீரியாக்கள் ஒரு வாயுவாக மாற்றும். அதைக் கல்லீரல் டிஎம்ஏஓ என்ற பொருளாக்கும். ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பவர்களிடம் இதயநோயும் கூடுதல். தாவர உணவே சாப்பிட்டவர்களுக்குச் சோதனையில் கார்னிட்டின் கொடுத்தும் அது அதிகம் உண்டாகவில்லை, 2013-இல் பார்த்தார்கள். எனவே ஞாயிற்றுக்கிழமைக் கறி இருக்கட்டும், பக்கத்தில் கீரையும் இருக்கட்டும்.

சைவம் மட்டும் சாப்பிடும் முதியவர்களுக்கு வேறு ஆபத்து இருக்கிறது. வயதானவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள். 55 கிலோ அம்மாவுக்கு 55 கிராமுக்கு மேல். ரசம் சாதத்தில் அது வராது. வைட்டமின் பி12 தாவரத்தில் கிடைக்காது. பாலும் தயிரும் கொஞ்சம் தரும், ஆனால் வயதான சிலருக்கு வயிற்றில் அமிலம் குறைவதால் உறிஞ்சுவதும் குறையும். காலில் மதமதப்பு, மறதி, அசதி இருந்தால் "வயசாச்சு" என்று விடாமல் பி12 பாருங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எதைக் கவனிக்கணும்?

கேஸ் மாத்திரை என்று வருடக்கணக்கில் விழுங்குகிறார்களே, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை குடல் பாக்டீரியாவை மாற்றும். வாயில் இருக்கும் பாக்டீரியா வயிற்று அமிலத்தில் சாகாமல் குடல்வரை போய்விடும். சிலருக்கு அது அவசியம், ரத்தம் இளக்கும் மாத்திரையோடு கொடுப்பார்கள். தானாக நிறுத்த வேண்டாம், "இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது, பி12-ஐயும் குறைக்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று தினமும் கீரை ஆரம்பித்தால் மாத்திரையின் வேலை குறையும், கீரையில் வைட்டமின் கே இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரை, இளநீர், வாழைத்தண்டு, பயறு எல்லாவற்றிலும் பொட்டாசியக் கணக்கு உண்டு. இந்தப் பக்கத்தைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள். இசப்கோல் குடிப்பதாக இருந்தால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி. தைராய்டு மாத்திரைக்கு இது இன்னும் முக்கியம்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

பாக்டீரியா ஓரிரு நாளில் மாற ஆரம்பிக்கும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அதே வேகத்தில் பழையபடி ஆகும். மலச்சிக்கல் எங்கள் வீட்டில் மூன்றாவது வாரம் விட்டது. தளர்ச்சி போன்றவற்றுக்கு மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வு ஒரு வருடம் எடுத்துக்கொண்டது.

இப்படிச் சாப்பிட்டால் நூறு வயது இருக்கலாமா?

இந்த ஆசை பழசு. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி மெச்னிகோவ், பல்கேரிய விவசாயிகள் நெடுநாள் வாழ்வதற்குப் புளித்த பாலே காரணம் என்று நூறு வருடத்துக்கு முன் எழுதினார், தானும் தினம் குடித்தார். 1916-இல் 71 வயதில் இறந்தார். ஜப்பானில் சராசரி 107 வயதுள்ளவர்களின் குடலில், ஆபத்தான கிருமிகளை அடக்கும் ஒரு பித்த அமிலத்தைச் செய்யும் பாக்டீரியா நிறைய இருந்ததாக 2021-இல் கண்டார்கள். அது நூறு வயதுக்குக் காரணமா, நூறு வயதின் அடையாளமா என்பது வேறு கேள்வி. நான் பார்ப்பது அம்மா தானாக எழுந்து பாத்ரூம் போகிறாரா என்பதைத்தான்.

அம்மா அப்பா ஊரில் தனியாக இருக்கிறார்கள். நாங்கள் வெளியூர். இதையெல்லாம் யார் சமைப்பது?

இரண்டு பேருக்காகக் காய் நறுக்க அலுப்புப்பட்டுத்தான் பாதி வீடுகளில் தயிர் சாதத்தில் போய் நிற்கிறது. போனில் "காய் சாப்பிடுங்கம்மா" என்று சொல்வதில் பயனில்லை, "சாப்பிட்டேன்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று வகைப் பயறை ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்து, வேளைக்கு ஒரு சின்ன டப்பா என்று ஃபிரீசரில் அடுக்கிவிட ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். தினமும் ஒன்றை எடுத்துக் குழம்பிலோ கூட்டிலோ போட்டால் போதும். முருங்கைக்கீரையை உருவித் தரும் கீரைக்காரம்மா தெருவில் இன்னும் வருகிறார் என்றால் அவரிடம் மாதக் கணக்கு வைத்துவிடுங்கள். எங்கள் தெருவில் வருகிறவர் கதவைத் தட்டி, கட்டைக் கையில் கொடுத்து, "நேத்து குடுத்ததை ஆக்குனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். அவருக்குப் பயந்தே அம்மா கீரை கடைகிறார்.